ஏழாம் நம்பர் சாம்பிளுக்கு மூன்று மார்க்

என் வீட்டுக்காரர் தன் வாழ்நாளில் எழுதிய ஒரே ஒரு விமர்சனத்துக்கு நான் பத்துக்கு மூன்று மார்க் போட்டேன். போட்டதோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. எங்கள் கேம் குரூப் மொத்தமும் கேட்க, ஏன் மூன்று என்று விளக்கமாக வாசித்தேன். அவர் பக்கத்து நாற்காலியில் காராச்சேவு தின்றுகொண்டிருந்தார். எழுதியது அவர்தான் என்று எனக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து அந்த இடம் காலி.

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கும் இப்போது சிரிப்பாகத்தான் இருக்கிறது. அந்த வாரம் இல்லை.

போடியில் எங்களுக்கு ஏலக்காய்க் கடை. அவர் ஏலத்துக்குப் போய்க் காய் எடுத்து வருவார். சலிப்பது, பொறுக்குவது, தரம் பிரிப்பதெல்லாம் என் பொறுப்பு. இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எதையும் வாய்விட்டுப் புகழக் கூடாது. சாம்பிள் காயைத் தட்டில் கொட்டிக் கிளறும்போது முகம் கொஞ்சம் மலர்ந்தால் போதும், எதிரே இருப்பவர் விலையை ஏற்றிவிடுவார். அதனால் பச்சை மாறாத, விரல் கனத்துக்குக் காய் வந்தாலும் என் வீட்டுக்காரர் மூக்கைச் சுளிப்பார். ஒன்றைப் பிதுக்கி உள்ளே இருக்கும் அரிசியை, அதாவது விதையைப் பார்ப்பார், மெல்லுவார், ஏதோ கசந்தது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "பரவால்ல, எடுக்கலாம்" என்பார். அவருடைய பாராட்டில் அதுதான் உச்சம், அதற்கு மேல் படி கிடையாது. என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போய்த் தன் அம்மாவிடம் சொன்னதும் அதே "பரவால்ல"தானாம். கல்யாணமாகி ரொம்ப காலம் அதை மனதில் வைத்துக் கறுவிக்கொண்டிருந்தேன். கடையில் உட்கார்ந்து தொழில் பழகிய பிறகுதான் அது எவ்வளவு பெரிய விலை என்று தெரிந்தது.

கேம் ஆட ஆரம்பித்தது மகன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகு. அவன் விட்டுப்போன கேம் பெட்டி டிவிக்குக் கீழே தூசி படிந்து கிடந்தது. துடைத்து வைக்கலாம் என்று எடுத்தவள், ஆன் செய்து பார்த்தேன், அவ்வளவுதான். கோவேறு கழுதை மேல் மூட்டையை ஏற்றிக்கொண்டு பனிமலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை இறக்குகிற ஒரு கேம் அதில் இருந்தது. அட, இது நம்ம தொழில்தானே என்று உட்கார்ந்தேன். அன்றிலிருந்து கடையைச் சாத்திவிட்டு வந்தால் சாயங்காலம் ஒரு மணி நேரம் எனக்குக் கழுதையோடுதான். வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருவார். "இங்கன வேணாம், வழுக்கும். அங்கன திருப்பு" என்பார். நான் கேட்க மாட்டேன். கயிற்றுப் பாலத்துக்குப் பக்கத்துப் பள்ளத்தில் கழுதையோடு விழுவேன். விழுந்துவிட்டுக் கழுதையைத் திட்டுவேன். தினமும் இதுதான் நடக்கும்.

குரூப்பை ஆரம்பித்தது என் கொழுந்தன், அதாவது வீட்டுக்காரரின் தம்பி. தேனி பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். கடைக்கு வருகிறவர்களில் கேம் ஆடுகிறவர்களாகப் பார்த்துச் சேர்த்துச் சேர்த்து, எங்கள் மலையடிவாரப் பள்ளத்தாக்கு முழுக்க ஆள் பிடித்துவிட்டான். வடுகபட்டியில் பூண்டு வியாபாரம் செய்கிறவர் ஒருவர், அனுமந்தன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர் ஒருவர், கம்பத்தில் நர்ஸாக இருக்கிற ஒரு பெண், இப்படி. யாரும் யாரையும் புண்படுத்தியதில்லை. அதுதான் பிரச்சினையே. ஒருத்தர் ஒரு கேமைப் பற்றி நாலு வரி எழுதினால் போதும், கீழே "வேற லெவல் மாப்ள", "தெய்வமே", "கண்ணு கலங்கிருச்சு" என்று கொட்டுவார்கள். பூண்டுக்காரர் ஒருதடவை தவறுதலாகத் தன் லாரி டிரைவருக்கு அனுப்ப வேண்டிய முகவரியைக் குரூப்பில் போட்டுவிட்டார். அதற்கும் பத்துக்குப் பத்து போட்டு, "சுருக்கமா அருமையா எழுதிருக்கீக" என்று ஒருத்தர் பாராட்டியிருந்தார்.

முதல் விமர்சனப் போட்டியில் எல்லாரும் எல்லாருக்கும் மார்க் போடலாம் என்று வைத்தார்கள். எல்லாருக்கும் பத்து. பரிசு திராட்சைக்காரர் தருவதாகச் சொன்ன ஒரு பெட்டி பன்னீர் திராட்சை. அதை அத்தனை பேருக்கும் பங்கு போட்டு, தேனி கடையில் ஆளுக்கொரு கொத்து வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டாவது போட்டிக்குத்தான் கொழுந்தன் என்னிடம் வந்தான்.

"மதினி, நீங்க நடுவரா இருங்க. உங்களுக்குத்தான் நல்லா கோவம் வரும்."

"ஏலே, கோவம் வர்றது ஒரு தகுதியா?"

"இந்தக் குரூப்புல அதுதான் மதினி இல்லாம கெடக்கு."

சரி என்றேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். ஏலத்தில் சாம்பிள் வருகிற மாதிரி விமர்சனங்கள் வரவேண்டும். மேலே நம்பர் மட்டும், தோட்டக்காரர் பேர் இருக்கக் கூடாது. பேர் தெரிந்தால் கறாராக மார்க் போட முடியாது. "எவன் எதை எழுதுனான்னு எங்கிட்ட மூச்சு விட்ட, ஒனக்கு இந்த வீட்டுல சோறு கெடையாது" என்றேன். கொழுந்தன் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டில்தான் கறிச்சோறு தின்பான். அதனால் சத்தியம் செய்தான்.

சாம்பிள்கள் வந்தன. உட்கார்ந்து ஒவ்வொன்றாக மென்று பார்த்தேன். பேர் இல்லாவிட்டால் என்ன, பாதிப் பேரை முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒரு கார் ரேஸ் கேமைப் பற்றி எழுதியவர், ரோட்டோரத்தில் வருகிற மரங்களுக்குத் தண்ணி எங்கிருந்து வருகிறது என்று அரைப் பக்கம் கவலைப்பட்டிருந்தார். திராட்சைத் தோட்டத்தைத் தவிர வேறு யார்? பேயை விரட்டுகிற கேமைப் பற்றி எழுதியிருந்த இன்னொருவர், பேய்க்கு ரத்தசோகை இருக்கும் போலிருக்கிறது என்றிருந்தார். அது நர்ஸ். இரண்டுக்கும் ஆளை மறந்துவிட்டு எழுத்துக்கு மட்டும் மார்க் போட்டேன். என் மேல் எனக்கே மரியாதை வந்தது.

அப்புறம் ஏழாம் நம்பர் வந்தது. என் கழுதைக் கேம்தான். நாலாவது வரியிலேயே எனக்கு உச்சி சூடேறிவிட்டது.

"இந்தக் கேமில் ஒரு அம்மா கழுதையில் வருகிறாள். பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்த அம்மா தினமும் அதில் விழுகிறாள். விழுந்ததும் கழுதையைத் திட்டுகிறாள். கழுதைக்கு வாய் இருந்தால் இந்தக் கேம் இன்னும் நன்றாக இருக்கும்."

ஆத்தாடி! நான் பள்ளத்தில் விழுவதும் கழுதையைத் திட்டுவதும் இந்த வீட்டை விட்டு வெளியே தெரியாத விஷயம். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்றுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கிற ஒருத்தனுக்குத்தான் தெரியும். நடையும் அவன் நடை. தின்ற வீட்டையே நையாண்டி பண்ணுகிறானா? வேறு யாராவது என்றால் கொஞ்சம் பார்த்துச் சொல்லியிருப்பேன். கொழுந்தன் என்கிறபோது எதற்குப் பார்க்க வேண்டும்? எங்கள் பக்கம் மதினிக்கும் கொழுந்தனுக்கும் நடுவில் பேச்சுக்கு வரம்பு கிடையாது. கல்யாண வீட்டில் மஞ்சத்தண்ணியைத் தலையில் ஊற்றுகிற முறைக்காரர்கள் நாங்கள். மீதியை ஓட்டமாக ஓட்டிப் படித்துவிட்டு மூன்று மார்க் போட்டேன். அந்த மூன்றும் கழுதைக்கு.

முடிவு சொல்கிற அன்று சாயங்காலம் எல்லாரும் போனில் ஒரே லைனில் இருந்தார்கள். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். வீட்டில் இருக்கிற மனிதர் தேய்த்த சட்டை போட்டிருந்தார். அரைக் கிலோ காராச்சேவு வேறு வாங்கி வந்திருந்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மனிதர் தேய்த்த சட்டை போடுவது ஏலத்துக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான்.

ஒவ்வொரு நம்பராகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஏழுக்கு வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஏழாம் நம்பர். பத்துக்கு மூணு. ஏன்னு கேளுங்க. இத எழுதுன ஆளு இந்தக் கேமைத் தொட்டதே இல்ல. காயைக் கடிக்காம, தட்டப் பாத்துட்டே வெல சொல்ற ஆளு. ஓரமா உக்காந்து அடுத்தவுக ஆடுறதப் பாத்துட்டு நொட்டை சொல்லத்தான் லாயக்கு. இந்த மாதிரி ஆளுக்குக் கையில கன்ட்ரோலரக் குடுத்தா, கழுதையே எறங்கி நடந்து போயிரும்."

லைனில் அத்தனை பேரும் சிரித்தார்கள். இந்தக் குரூப்பில் முதல்முறையாக ஒருத்தர் ஒருத்தரைத் திட்டியது அவர்களுக்குத் தீபாவளி மாதிரி இருந்திருக்கிறது. கொழுந்தன் மட்டும் சிரிக்கவில்லை. நன்றாகப் பட்டுவிட்டது பயலுக்கு என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் கையில் எடுத்த சேவைத் திரும்பப் பொட்டலத்தில் போட்டார். "மாடியில துணி கெடக்கு" என்று எழுந்து போனார். துணியை நான் மத்தியானமே எடுத்துவிட்டேன்.

வடுகபட்டிப் பூண்டுக்காரருக்கு முதல் பரிசு, இந்த முறையும் திராட்சைப் பெட்டிதான். மற்ற பேர்களையெல்லாம் கொழுந்தன் குரூப்பில் எழுதிப் போட்டான். ஏழுக்கு நேராக "எங்க அண்ணன்" என்று இருந்தது. பூண்டுக்காரர் அதற்குக் கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிற பொம்மையைப் போட்டு, உடனே அழித்துவிட்டார்.  எனக்குக் காது இரண்டும் எரிந்தது.

கொழுந்தனுக்குப் போன் போட்டேன். "ஏலே! ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"நீங்கதான மதினி மூச்சு விட்டா சோறு கெடையாதுன்னீக?"

"நீதான் எழுதுனன்னு நெனச்சேன்டா. ஒன் பேச்சு மாதிரியே இருந்துச்சு."

"அண்ணனுக்குத் தமிழ்ல டைப் அடிக்க வரல மதினி. தேனிக்கு வர்றப்ப எல்லாம் கடையில உக்காந்து வாயால சொன்னாக, நான் அடிச்சேன். ஒரு வரி சொல்றதுக்கு ஒரு டீ குடிச்சாக." அதோடு இன்னொன்றும் சொன்னான். "பேரச் சொல்லிறாதடான்னு அவுகளும் சொன்னாக. பேரில்லாம ஒங்க மதினிகிட்ட என்ன வெல போகுதுன்னு பாப்போம்னாக."

போனை வைத்தேன்.  இத்தனை வருஷமாக அடுத்தவர் காய்க்கு விலை சொன்ன மனிதர், முதல்முறையாகத் தன் காயைக் கொண்டுவந்து தட்டில் கொட்டியிருக்கிறார். நான் அதை ஊரே சிரிக்கக் கீழே கொட்டிவிட்டேன்.

கோபித்துக்கொண்டாரா என்றால் அதுவும் இல்லை. சாப்பிட்டார். குழம்பு எப்படி என்றதற்கு "பரவால்ல" என்றார். ஆனால் மறுநாள் சாயங்காலம் நான் டிவியைப் போட்டதும், அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அங்கே உட்கார்ந்து போகிற வருகிற ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தனியாகக் கழுதையை ஓட்டினேன். பாலத்துக்குப் பக்கத்தில் வந்ததும் "இங்கன வேணாம்" என்று யாரும் சொல்லவில்லை. விழுந்தேன். கழுதையைத் திட்ட வாய் வரவில்லை.

குரூப்புக்காரர்கள் பதறிப்போனார்கள். ஏழுக்கு எட்டு மார்க்காக மாற்றிவிடலாம் என்றார் ஒருவர். எல்லாருக்கும் முதல் பரிசு என்று பழையபடி வைத்துவிடலாம் என்றார் இன்னொருவர். பூண்டுக்காரர் தனக்கு வந்த திராட்சைப் பெட்டியைப் பிரிக்காமல், கூடவே ஒரு பை பூண்டையும் வைத்து எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வீட்டுக்காரர் பூண்டை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியைத் திருப்பி அனுப்பினார். கொழுந்தன் மார்க்கை மாற்றுவது பற்றிக் கேட்டபோது, "ஏலம் முடிஞ்சா முடிஞ்சதுதான்டா. பெறகு என்னாத்துக்கு வெலயத் திருத்துறது?" என்றார். சரியான பேச்சு. நானே அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதனாலேயே இன்னும் கடுப்பாக இருந்தது. மார்க்கைத் திருத்துகிற வழியும் அடைபட்டது.

அப்புறம்தான் ஏழாம் நம்பரை மறுபடி எடுத்து, இந்த முறை ஓட்டாமல், கடைசி வரை படித்தேன். பள்ளத்துக்கும் கழுதைக்கும் அப்புறம் இப்படிப் போயிருந்தது.

"இந்தக் கேமில் மேகம் நன்றாக வருகிறது. போடிமெட்டு ஏறும்போது கீழிருந்து வருமே, அதே மாதிரி வருகிறது. ஓட்டுகிறவருக்கு அதைப் பார்க்க நேரமில்லை. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். ஒருநாள் சரக்கை இறக்கி முடித்ததும் அந்த அம்மா சிரித்தாள். கடையில் நல்ல வியாபாரம் நடந்த நாளில்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. கேமை எடுக்கலாம்."

எங்கள் கேமில் அம்மா கிடையாது. கழுதையில் போகிறது தாடி வைத்த ஒரு கிழவன். மனிதர் கேமைப் பார்த்ததைவிட என்னைத்தான் பார்த்திருக்கிறார் என்பது முதல் தடவை படித்தபோது என் மண்டையில் ஏறவில்லை. கோபத்தில் படித்தால் அப்படித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். எனக்குச் சமாதானமாகப் பேச வராது. நேரே கேட்டேன்.

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல."

"பெறகு என்னாத்துக்கு நாற்காலியத் தூக்கிட்டு வந்துட்டீக?"

"நீ சொன்னது சரிதான. கடிக்காமத்தான் வெல சொன்னேன். தொடாத ஆளுக்கு அங்கன என்ன வேல?"

"தொட வேண்டியதுதான? ஒங்க கையப் புடிச்சா வச்சிருக்கேன்? அங்கனதான கன்ட்ரோலர் கெடக்கு."

அவர் ஜீப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். குரல் உயரவில்லை. "கெடக்கா? அது எப்பவும் ஒன் கையிலதான இருக்கு. ஒருநாளாவது இந்தாங்கனு நீட்டிருக்கியா?"

நீட்டியதே இல்லை.   

அவரை எழுப்பி, நாற்காலியை நானே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். அதைப் பழைய இடத்தில் போட்டு, அதில் நான் உட்கார்ந்தேன். என் இடத்தைக் காட்டினேன். கன்ட்ரோலரை நீட்டினேன். மனிதர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். கன்ட்ரோலரைச் சாம்பிள் தட்டைப் பிடிக்கிற மாதிரி உள்ளங்கையில் ஏந்திப் பிடித்தார்.

சும்மா சொல்லக் கூடாது, மகா மோசம். கழுதை முதலில் ஒரு பாறையில் முட்டிக்கொண்டு நின்றது. பின்னாலேயே நடந்தது. மூட்டை ஒருபக்கம் சரிந்தது. "அய்யோ, அந்தப் பட்டன் இல்ல", "அங்கன வேணாம்", "ஏங்க, வழுக்குங்க" என்று கத்திக்கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவர் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. பாலத்துக்குப் பக்கத்துப் பள்ளத்தில் நேராகப் போய் விழுந்தார்.

"கழுத சரியில்ல" என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவருக்கும் வாய் கோணியது, அடக்கிக்கொண்டார். மறுபடி கிளம்பினார். மறுபடி விழுந்தார். மூன்றாவது தடவையும் கிளம்பினார். எனக்குக் கையெல்லாம் பரபரவென்று இருந்தது, பிடுங்கி ஓட்டிக் காட்ட வேண்டும் போல. பிடுங்கக் கூடாது என்று இரண்டு கையையும் முந்தானையில் சுற்றி வைத்துக்கொண்டேன். செய்ய ஒன்றும் இல்லாததால் திரையைப் பார்த்தேன். அப்போதுதான் பள்ளத்துக்குக் கீழே இருந்து அது வந்தது. மெதுவாக, வெள்ளையாக, மரத்தின் அடியை மூடி, பாலத்தை மூடி, கழுதையின் காது மட்டும் தெரிகிற மாதிரி. நான் எத்தனையோ முறை அந்த வழியாகப் போயிருக்கிறேன். ஒருமுறை கூட நான் அதைப் பார்த்ததில்லை. அவர் தினமும் இதை இங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் சத்தமில்லாமல் ஆனது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"என்னா, பேச்சக் காணோம்? அங்கன உக்காந்து பாத்தா எப்புடி இருக்கு?"

"பரவால்ல" என்றேன். "எடுக்கலாம்."

சட்டென்று தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தார். அந்தச் சொல்லுக்கு என்ன விலை என்று போடியில் அவரைவிடத் தெரிந்தவர் யாரும் கிடையாது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கழுதை பாலத்தை விட்டு விலகி, யாரும் ஓட்டாமல் தானாகவே போய், பள்ளத்தில் விழுந்தது.